வெறும் வாங்கியும் வேலை செய்யும்: மூளையும் கிளையாக் கலங்களும் உருவாகும் விதம்

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நடக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்கில், என் தங்கைக்குத் துணையாக ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய முறை வந்தபோது, வீட்டில் உப்பை எதில் வைத்திருக்கிறீர்கள் என்று குடும்பநல உத்தியோகத்தர் கேட்டார். "அடுப்படியில சிரட்டைக்குள்ள, மிஸ்" என்றாள். உப்பை மூடியுள்ள போத்தலில் வைக்க வேண்டும் என்றும், கறியை இறக்கும் நேரத்தில்தான் போட வேண்டும் என்றும் அவர் சொன்னார். பக்கத்து வாங்கில் இருந்த வயதான அம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "நாங்கள் ஆனையிறவு உப்புத் திண்டு வளந்த ஆக்கள். கடல் உப்பில இல்லாத அயடீனோ, பிள்ளை?" என்றார். "கலந்தால்தான் அம்மா அதில இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வெளியில் நின்ற வரிசையைப் பார்த்தால் அதற்கு மேல் சொல்ல அவருக்கு நேரமில்லை என்பது விளங்கியது.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் எனக்கு அந்தக் கேள்வி மனதை விட்டு அகலவில்லை. அயடீன் தைரொயிட்டுச் சுரப்பிக்குத் தேவை, அது குறைந்தால் பிள்ளையின் மூளை பாதிக்கப்படும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பிக்கும் மண்டையோட்டுக்குள் வளரும் மூளைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை நாம் விளக்குவதே இல்லை. அதற்கான விடை, மூளைக் கலங்கள் வைத்திருக்கும் வாங்கிகளில் இருக்கிறது.

கலத்தின் மேற்பரப்பிலோ அதன் உள்ளேயோ இருந்துகொண்டு, குறிப்பிட்ட ஒரு சமிக்ஞை மூலக்கூறை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதத்தையே வாங்கி என்கிறோம். 1905ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் உடற்றொழிலியலாளர் ஜோன் நியூபோர்ட் லாங்லி, நிகொட்டினும், தசையைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சான கியூராரேயும் தசையில் எவ்வாறு எதிரெதிராக வேலை செய்கின்றன என்று ஆராய்ந்து, தசைக்குள் அவற்றை ஏற்கும் பொருள் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வாங்கியைப் பூட்டாகவும் சமிக்ஞையைச் சாவியாகவும் காட்டும் உவமை வகுப்பறைகளில் நிலைத்துவிட்டது. நானும் அதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை அந்த உவமையில் ஒரு பெரிய குறை இருப்பதாக இப்போது கருதுகிறேன். சாவி வராவிட்டால் பூட்டு சும்மா கிடக்கும் என்று அது நம்பவைக்கிறது. வளரும் மூளையின் வாங்கிகளில் முக்கியமான பல அப்படிச் சும்மா கிடப்பதில்லை. சமிக்ஞை வராமல் இருப்பதையே அவை ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு, கலத்தை வேறொரு வழியில் செலுத்துகின்றன. எந்தச் சமிக்ஞை வந்தது என்பதைப் போலவே, அது எந்தப் பருவத்தில் வந்தது, எந்தப் பருவத்தில் வராமல் போனது என்பதும் அங்கே கணக்கில் எடுக்கப்படுகிறது. இரணைமடுத் தண்ணீர் குடலைப் பருவத்தில் வயலுக்கு வராவிட்டால் நெல் பதராகும், அதே தண்ணீர் அறுவடை நேரத்தில் வரம்புக்குள் நின்றால் விளைந்த கதிரும் முளைத்துப் பழுதாகும் என்பதை அறிந்த விவசாயிக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமாக இராது.

மூளை என்றதும் நரம்புக்கலங்களையே நினைக்கிறோம். ஆனால் அவற்றோடு கிளையாக் கலங்கள் என்ற இன்னொரு பெருங்கூட்டமும் அங்கே இருக்கிறது. 1856இல் ஜேர்மன் நோயியலாளர் ருடோல்ப் விர்ஹோ, நரம்புக்கலங்களை ஒட்டிப் பிடித்திருக்கும் ஒருவகைச் சாந்து என்ற கருத்தில் இவற்றுக்குப் பெயரிட்டார். பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த அந்தப் பெயர், நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்களின் கவனத்தையே திசைதிருப்பிவிட்டது என்பது என் எண்ணம். நரம்புக்கலங்களைவிடக் கிளையாக் கலங்கள் பத்து மடங்கு அதிகம் என்று பல புத்தகங்களில் இன்னமும் காணப்படுவதும் சரியல்ல. வளர்ந்த மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களும், அண்ணளவாக அதே எண்ணிக்கையான பிற கலங்களும் இருப்பதாக 2009இல் வெளிவந்த எண்ணிக்கை காட்டியது.

முளையத்தின் முதுகுப்புறத்தில் ஒரு தகடு மடிந்து குழாயாகி, அந்தக் குழாயின் முன்முனை வீங்கி மூளையாகிறது. குழாயின் உட்சுவரில் நீண்ட கால்களையுடைய ஆரைக் கிளையாக் கலங்கள் வரிசையாக நிற்கின்றன. புதிதாகப் பிறந்த நரம்புக்கலங்கள் இவற்றின் கால்களைப் பற்றிக்கொண்டே வெளிப்புறம் நோக்கி ஏறுகின்றன என்பதை 1972இல் பாஸ்கோ ராகிச் விளக்கினார். ஏறுவதற்கான கொம்பாக மட்டுமே கருதப்பட்ட இந்தக் கலங்கள்தான் அந்த நரம்புக்கலங்களைப் பெற்ற தாய்க் கலங்களும் என்பது 2000, 2001 காலப்பகுதியில்தான் உறுதியாயிற்று. பிற்பட்ட பருவத்தில் இதே தாய்க் கலங்கள் நட்சத்திர வடிவான அஸ்ரோசைற்றுகளையும் வேறு கிளையாக் கலங்களையும் உருவாக்குகின்றன.

ஒரே தாய்க் கலம் முதலில் நரம்புக்கலத்தையும் பின்னர் கிளையாக் கலத்தையும் எவ்வாறு ஒழுங்கு தவறாமல் பெறுகிறது என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி. அதற்கான விடையின் முதற்பகுதி நொட்ச் என்ற வாங்கியில் இருக்கிறது. இறகின் ஓரத்தில் வெட்டு விழுந்த பழ ஈக்களை 1910களில் ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டதால், ஆங்கிலத்தில் வெட்டைக் குறிக்கும் அந்தப் பெயர் அதற்கு வந்தது. நொட்ச்சுக்குரிய சமிக்ஞை இரத்தத்தில் மிதந்து வருவதில்லை. டெல்டா எனப்படும் புரதமாக அது பக்கத்துக் கலத்தின் மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கிறது. நரம்புக்கலமாக மாறத் தொடங்கும் கலம் டெல்டாவை அதிகமாக வெளிக்காட்ட, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அயற்கலத்தின் நொட்ச் இழுபட்டு வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட உட்துண்டு நேரே கலத்தின் கருவுக்குள் சென்று, நரம்புக்கலமாகும் வழியை அடைக்கும் பரம்பரையலகுகளை இயக்குகிறது. இடையில் வேறு தூதுவர் எவரும் இல்லை, வாங்கியின் ஒரு பகுதியே செய்தியாகிறது. ஒரு முறை வேலை செய்த நொட்ச் மூலக்கூறு மறுமுறை பயன்படாது.

இதன் விளைவாக, ஒரு கலம் நரம்புக்கலமாகப் பிரிந்து செல்லும்போது அதன் அயற்கலம் தாய்க் கலமாகவே தங்கிவிடுகிறது. சோதனை விலங்குகளில் நொட்ச் வழியைத் துண்டித்துப் பார்த்தபோது, கலங்கள் முந்திக்கொண்டு நரம்புக்கலங்களாக மாறி, தாய்க் கலங்களின் இருப்பு வெகு விரைவில் தீர்ந்துபோயிற்று. விதைநெல்லையும் குத்திச் சமைத்துவிட்ட வீட்டின் நிலை அது. பின்னர் வரவேண்டிய நரம்புக்கலங்களுக்கும் கிளையாக் கலங்களுக்கும் மூலமே இல்லாமல் போகிறது.

விடையின் இரண்டாம் பகுதி இன்னும் அழகானது. போதிய நரம்புக்கலங்கள் பிறந்ததும் அவையே கார்டியோட்ரொபின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. தாய்க் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கி அதைப் பற்றிக்கொண்டு, இனி அஸ்ரோசைற்றுகளைப் பெறும் காலம் வந்துவிட்டது என்ற கட்டளையை உள்ளே அனுப்புகிறது. மூத்த பிள்ளைகளின் தொகையை வைத்தே தாய்க் கலம் தன் அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது எனலாம். அந்தச் சமிக்ஞையைப் பருவத்துக்கு முன்பே கொடுத்துப் பார்த்தால் அஸ்ரோசைற்றுகள் பிறப்பதில்லை. அவற்றுக்குரிய பரம்பரையலகுகள் அப்போது இரசாயன முத்திரையிடப்பட்டு மூடியிருக்கின்றன. முத்திரை கழன்ற பின்னரே அதே கட்டளை பலிக்கிறது.

பிறந்த நரம்புக்கலங்கள் தமக்குரிய அடுக்கில் போய் அமர்வதற்கும் வாங்கிகள் வேண்டும். மூளையின் வெளியடுக்கான புறணியின் மேற்பரப்பில் சுரக்கும் ரீலின் என்ற புரதத்தை உணரும் வாங்கிகள் பழுதானால், பிந்திப் பிறந்தவை முந்திப் பிறந்தவற்றைக் கடந்து மேலே செல்ல முடியாமல் அடுக்குகள் தலைகீழாகின்றன. ஜிபிஆர்56 என்ற வேறொரு வாங்கியில் ஏற்படும் பழுதால் புறணியின் மடிப்புகள் மிகச் சிறியனவாகவும் ஒழுங்கற்றனவாகவும் உருவாகும் பிறவிக் குறைபாடு மனிதர்களிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது.

வாங்கி வெறுமையாக இருப்பதும் ஒரு செய்தியே என்ற கருத்துக்கு வழி திறந்த ஆய்வு, போருக்கு நடுவே ஒரு படுக்கையறையில் தொடங்கியது. இத்தாலியின் டூரின் நகரில் 1909இல் பிறந்த ரீட்டா லெவி மொண்டால்சினி ஒரு யூதப் பெண். 1938இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவர் தமது படுக்கையறையிலேயே ஒரு சிறிய ஆய்வுகூடத்தை அமைத்து, தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கி, கோழி முட்டைக்குள் வளரும் முளையங்களை ஆராய்ந்தார். டூரின் மீது குண்டுவீச்சு கடுமையானபோது குடும்பம் கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே அயலிலுள்ள விவசாயிகளிடம் முட்டை வாங்கி வேலையைத் தொடர்ந்தார். இடப்பெயர்வுக்குள் புத்தகத்தையும் அப்பியாசக் கொப்பியையும் உரப்பையில் கட்டித் தூக்கிச் சென்ற வன்னி மாணவர்களுக்கு இந்த இடத்தை நான் எப்போதும் நிறுத்திச் சொல்வேன். அவர்கள் தலை நிமிர்ந்து கேட்பார்கள்.

அவர் கண்டது இதுதான்: முளையத்தின் கால் அரும்பை வெட்டி அகற்றினால், அந்தக் காலுக்குச் செல்ல வேண்டிய நரம்புக்கலங்கள் பிறக்காமல் போவதில்லை. பிறந்து, வளரத் தொடங்கிய பின் இறந்துவிடுகின்றன. இலக்கிலிருந்து வரவேண்டிய ஏதோ ஒன்று வராததாலேயே அவை இறந்தன. அந்த ஏதோ ஒன்று நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பின்னர் அமெரிக்காவில் வெளிப்பட்டது. ஸ்டான்லி கோஹன் அதைப் பிரித்தெடுத்தார். இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காரணியைப் பற்றும் ட்ரக்-ஏ என்ற வாங்கி 1991இல் இனங்காணப்பட்டது. உணவு கிடைக்காமல் கலம் வாடி இறக்கிறது என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு அதைத் திருத்தியது. காரணி வந்து சேராத நிலையில், வெறுமையாக இருக்கும் ட்ரக்-ஏ வாங்கியே கலத்தைச் சாவின் பக்கம் தள்ளுகிறது. அந்த வாங்கி இல்லாத கலத்துக்குக் காரணியும் தேவைப்படுவதில்லை.

இனி அயடீனுக்கு வருவோம். மூளையின் வெண்பொருளை உருவாக்குபவை ஒலிகோடென்ட்ரோசைற்றுகள் என்ற கிளையாக் கலங்கள். நரம்புக்கலத்திலிருந்து நீளும் அக்சன் என்ற இழையைச் சுற்றிச் சுற்றி, மயலின் எனப்படும் கொழுப்புறையை இவை கட்டுகின்றன. உறை இல்லாத இழையில் நரம்புச் செய்தியான கணத்தாக்கம் மெதுவாக ஊரும். உறை உள்ள இழையில் இடைவெளிக்கு இடைவெளி பாய்ந்து பல மடங்கு விரைவாகச் செல்லும். இந்தக் கலங்களின் முன்னோடிகளை 1983இல் மார்ட்டின் ராப்பும் உடன் ஆய்வாளர்களும் எலியின் பார்வை நரம்பிலிருந்து பிரித்து வளர்த்தார்கள். அஸ்ரோசைற்றுகள் சுரக்கும் பிடிஜிஎப் என்ற வளர்ச்சிக் காரணியைத் தம் மேற்பரப்பு வாங்கியால் உணர்ந்துகொண்டிருக்கும் காலமெல்லாம் முன்னோடிகள் பெருகிக்கொண்டே போகின்றன. ஆனால் பெருகுதல் போதாது. ஒரு கட்டத்தில் பிரிவதை நிறுத்திவிட்டு உறை கட்டும் வேலைக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கான கட்டளையைத் தருவது தைரொயிட்டு ஓமோன். வளர்ப்புத் தட்டில் அந்த ஓமோன் இல்லாதபோது முன்னோடிகளில் பெரும்பாலானவை மேலும் மேலும் பிரிந்துகொண்டே இருந்தன.

தைரொயிட்டு ஓமோனின் வாங்கி கலத்தின் மேற்பரப்பில் இல்லை. கலத்தின் கருவுக்குள், டி.என்.ஏ. இழையின் மீதே அது அமர்ந்திருக்கிறது. 1986இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அதனை அடையாளம் கண்டன. ஓமோன் அங்கே சென்றடையும் பாதையும் நீளமானது. சுரப்பியிலிருந்து பெரும்பாலும் வெளிவருவது நான்கு அயடீன் அணுக்களைக் கொண்ட தைரொட்சின். மூளைக்குள் அஸ்ரோசைற்றுகள் அதிலிருந்து ஓர் அயடீன் அணுவைக் கழற்றி, வாங்கி விரும்பிப் பற்றும் ரி3 என்ற வடிவமாக்கி அயற்கலங்களுக்குக் கொடுக்கின்றன. கலத்தினுள் ஓமோன் நுழைவதற்கும் தனியான கடத்திப் புரதங்கள் உண்டு. அவற்றுள் எம்சிடி8 என்ற ஒன்று பிறவியிலேயே பழுதான பிள்ளைகளில் இரத்தத்தில் ரி3 அதிகமாகவே இருந்தும் மூளை கடுமையாகப் பாதிக்கப்படுகிறது. சாந்து என்று தள்ளிவைக்கப்பட்ட கிளையாக் கலங்கள் இங்கே ஓமோனைச் சமைத்துக் கொடுப்பவையாகவும், அதே ஓமோனின் கட்டளைக்குக் காத்திருப்பவையாகவும் இருக்கின்றன.

ஓமோன் வரவில்லை என்றால் என்ன ஆகும்? தைரொயிட்டு வாங்கி டி.என்.ஏ.யை விட்டு விலகிச் செல்வதில்லை. அங்கேயே இருந்துகொண்டு, அடக்கும் புரதங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, மயலின் புரதங்களுக்குரியவை உட்படப் பல பரம்பரையலகுகளை மூடியே வைத்திருக்கிறது. ஓமோன் வந்து பற்றிக்கொண்டதும் அதே வாங்கி உருமாறி, அடக்கும் புரதங்களை உதறி, திறக்கும் புரதங்களை அழைத்துக்கொள்கிறது. ஆகவே தைரொயிட்டு ஓமோன் குறைந்த மூளையில், திறப்பவர் இல்லை என்ற குறையோடு, கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவரும் இருக்கிறார். 2002இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு இதை மறுக்க முடியாதபடி காட்டியது. தைரொயிட்டு ஓமோன் இல்லாமல் வளர்ந்த எலிகளில் மூளி எனப்படும் சிறுமூளையின் கலங்கள் இடம்பெயரத் தாமதித்து, கிளைகள் குன்றிப்போயின. ஆனால் அல்பா வகைத் தைரொயிட்டு வாங்கியும் இல்லாத எலிகளில், ஓமோன் இல்லாதபோதும் அந்தச் சேதம் ஏற்படவில்லை. வெறும் வாங்கி இருப்பதைவிட வாங்கியே இல்லாதிருப்பது அந்த மூளிக்கு நன்றாக இருந்தது. இதை முதன்முறை வாசித்த நாளில் வகுப்பறையில் வரைந்த பூட்டும் சாவியும் படத்தை நான் கைவிட்டேன்.

மூளைக்கு வெளியே கைகால்களுக்குச் செல்லும் நரம்புகளில் உறை கட்டுபவை ஷ்வான் கலங்கள். நியூரெகுலின் என்ற புரதத்தை அக்சன் எவ்வளவு காட்டுகிறதோ, அதைத் தம் வாங்கிகளால் அளந்து அதற்கேற்ற தடிப்பில் அவை உறை கட்டுகின்றன. முளையத்தோடு இணைந்த மஞ்சட்கருப் பையில் பிறந்து மூளைக்குள் குடியேறும் மைக்ரோகிளையாக் கலங்கள், சிஎஸ்எப்1 வாங்கியின் துணையால் உயிர் வாழ்ந்து, தேவைக்கு அதிகமான நரம்பு இணைப்புகளை வேறொரு வாங்கியால் அடையாளம் கண்டு விழுங்கிவிடுகின்றன. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

நம் அடுப்படியில் உள்ள உப்புக்குத் திரும்புவோம். அந்த அம்மா கேட்ட கேள்வியில் நியாயம் உண்டு. கடலில் அயடீன் இருக்கிறது, மீனிலும் இறாலிலும் நண்டிலும் இருக்கிறது. ஆனால் உப்பளத்தில் கடல்நீர் வற்றி விளையும் உப்பில் எஞ்சுவது மிகச் சொற்பம். அதனால்தான் இலங்கையில் மனித உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இலிருந்து சட்டப்படி கட்டாயமாயிற்று. களப்புக் கரையில் தானாக விளைந்த உப்பை அள்ளிவந்து கறிக்கும் போடும் வீடுகளில் அந்த அயடீன் இருக்க வழியில்லை. கருவாட்டுக்குப் போடுங்கள், கர்ப்பிணி சாப்பிடும் கறிக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். சேர்த்த அயடீனும் திறந்த சிரட்டையில், அடுப்பின் ஆவிக்கும் ஈரத்துக்கும் நடுவில் நாளடைவில் குறைந்துபோகும். கழுவிப் போட்டால் தண்ணீரோடு போய்விடும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதுமெனில், கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கர்ப்பத்தின் முதற்பாதியில் சிசுவின் சுரப்பி போதிய அளவு சுரப்பதில்லை என்பதால், அதன் மூளையிலுள்ள வாங்கிகளுக்குப் போய்ச் சேர்வதில் பெரும்பகுதி தாயின் தைரொட்சினே. வயிறு வெளியே தெரியத் தொடங்குவதற்கு முந்திய வாரங்களும் இதில் அடங்கும் என்பதால், பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே உப்புப் போத்தலை மாற்றிவிடுவது நல்லது.

வன்னியில் இந்த விடயத்தைப் பேசும் இடமெல்லாம் இன்னொரு கேள்வியும் எழுகிறது. 2009இல் பதுங்குகுழிக்குள்ளும் முகாமிலும் வயிற்றில் இருந்த பிள்ளைகளின் மூளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று தாய்மார் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோலுக்கும் மூளைக் கலங்களில் வாங்கிகள் உண்டு. சூல்வித்தகத்திலுள்ள ஒரு நொதியம் தாயின் கோர்ட்டிசோலில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துதான் சிசுவின் பக்கம் விடுகிறது. அந்தக் காப்பு முழுமையானதல்ல. 1944, 1945ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின் உச்சத்தில் கருத்தரிக்கப்பட்டவர்களிடையே உளச்சிதைவு நோய் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. அவர்களிலும் மிகப் பெரும்பான்மையினருக்கு அந்த நோய் வரவில்லை. ஒரு கூட்டத்தின் கணக்கிலிருந்து ஒரு பிள்ளையின் தலைவிதியைப் படிக்க முடியாது. மயலின் உறை பிறந்த பின்னும் இருபது வயதைத் தாண்டியும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதையும் அந்தத் தாய்மாருக்கு நான் சொல்கிறேன்.

என் தங்கைக்கு ஆவணியில் மகள் பிறந்தாள். வீட்டுக்கு வருவதற்கு முன் தாதி ஒருவர் குழந்தையின் குதிக்காலைத் துடைத்து, மெல்லக் குத்தி, இரத்தத் துளியை வட்டமிட்ட வடிதாளில் ஒற்றி எடுத்தார். பிறவியிலேயே தைரொயிட்டுச் சுரப்பு குறைந்த குழந்தைகளைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அது. உலகின் பல நாடுகளில் ஏறத்தாழ 2,000 முதல் 4,000 வரையான பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இக்குறையோடு பிறக்கிறது. பிறக்கும்போது பெரும்பாலும் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. முதல் இரண்டு வாரங்களுக்குள் தைரொட்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால், அத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலானோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். மாதக்கணக்கில் பிந்தினால் இழந்ததை மாத்திரையால் முழுமையாக மீட்க முடியாது. "பச்சைப் பிள்ளையைக் குத்தாமல் விட்டால் என்ன?" என்று அம்மம்மா கேட்டபோது, தங்கை வடிதாளில் காய்ந்துகொண்டிருந்த அந்த வட்டத்தைக் காட்டி, "உதில ஒரு துளிதான், அம்மம்மா" என்றாள்.